பேசுபவருக்குப் பிள்ளைகள் எத்தனை?

டைப் பொடியில் தண்ணீரை ஊற்றிக் குழைத்ததுமே எழும்பிய காட்டமான நெடி மூக்கில் ஏறிக் கண்ணோரம் நீர் கட்டியபோது, நல்லதாய்ப் போயிற்று, இதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்றுதான் ஜெசிந்தாவுக்கு முதலில் தோன்றியது. அம்மா பின்பக்க வராந்தாவில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, தோளைச் சுற்றிப் பழைய துண்டைப் போர்த்திக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள். நெற்றி விளிம்பில் வாஸலின், மடியில் போன். அப்பா சரக்குத் தோணியில் மாலத்தீவுக்குப் போய்விட்டால் இந்த வீட்டில் இரண்டே பேர்தான். அதிலும் ஜெசிந்தா திருநெல்வேலியில் ஹாஸ்டலில் இருந்து சட்டம் படிக்கப் போனபிறகு அம்மா மட்டுந்தான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவள் தூத்துக்குடிக்கு வருவதும், ஸ்கேன் சென்டரில் அரைநாள் வேலை முடித்துவந்த அம்மாவின் தலைக்கு மத்தியான வெயிலில் டை போட்டுவிடுவதும் யாரும் பேசி வைத்துக்கொள்ளாத ஒரு வழக்கம். இன்றைக்கும் அதேதான். அதே கிண்ணம், அதே பிரஷ், கையில் அதே கிழிந்த பிளாஸ்டிக் உறை. ஒரு வாக்கியம்தான் கூடுதல். பஸ்ஸில் வல்லநாடு தாண்டியதிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த வாக்கியம். அம்மா, உன் குரலை அந்த ஆப்பில் பாடமாகப் போட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான். இதைச் சொல்ல என்ன கஷ்டம்? பஸ் ஊருக்கு முந்தின புதுக்கோட்டை ஸ்டாப்பில் நின்றபோது சொல்லிப் பார்த்தாள், சரியாக வந்தது. வாசல்படி ஏறும்போதும் வந்தது. அம்மா கதவைத் திறந்து, "என்னட்டி இப்படிக் கறுத்துட்ட" என்றதும் போயிற்று.

"ஏட்டி, காதுல படாமத் தடவு. போன தடவை நீ தடவுன லட்சணத்துல டாக்டரம்மா என் காதப் பாத்துட்டு, என்ன பிரகாசி, ஏதும் அடி பட்டுருச்சான்னு கேக்காங்க. அதையும் இங்கிலீஷ்ல கேக்காங்க."

"நீ என்ன சொன்ன?"

"நோ அடி, ஒன்லி டாட்டர்னேன்."

சிரிக்க வேண்டிய இடம். ஜெசிந்தா சிரித்தாள், சிரிப்பு பாதியில் எதிலோ இடறி நின்றது. ஒன்லி டாட்டர். இதை எத்தனை பேரிடம் அம்மா சொல்லியிருப்பாள்! பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, வீடு பார்க்கப் போகும்போது, கோயிலுக்குப் புதிதாக வந்த சாமியார் வீடு மந்திரிக்க வந்தபோது. ஒரே பொண்ணுதான் ஃபாதர். சொல்லிவிட்டு உடனே வேறு பேச்சுக்குப் போய்விடுவாள், காப்பி குடிக்கீங்களா ஃபாதர், டீ குடிக்கீங்களா. அந்த அவசரம் இப்போதுதான் காதில் விழுகிறது. அப்போது விழவில்லை. வகிட்டைப் பிரித்து நரை வேரிலிருந்து பிரஷ்ஷை இழுத்தாள். வகிட்டின் தோல் வெள்ளையாக, ஏதோ பிள்ளையின் தோலைப்போல மெத்தென்று இருந்தது. பிள்ளையின் தோல். இப்போது எதை நினைத்தாலும் அங்கேதான் போய் முட்டுகிறது. ஒரு வாரமாக இப்படித்தான். மெஸ்ஸில் இட்லித் துணியைப் பார்த்தால் அந்த டவல். அந்த டவல் என்ன நிறமாக இருந்திருக்கும்?

வாய் இல்லாதவளா அவள்? சட்டக் கல்லூரியில் 'வாயாடி ஜெசி' என்றால் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். சினிமா தியேட்டரில் தண்ணீர் பாட்டிலை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று மேனேஜரை இடைவேளை முடிகிறவரை நிற்கவைத்து வாதாடி, படத்தின் பாதியைப் பார்க்காமலே ஜெயித்துத் திரும்பியவள். நுகர்வோர் மன்றத்துக்கு அவள்தான் செயலாளர். முதலாமாண்டுப் பிள்ளைகளை உட்காரவைத்து, 'கையெழுத்துப் போடுமுன் வாசி' என்று கரும்பலகையில் எழுதி, அதன்கீழ் இரண்டு கோடும் போட்டுப் பேசியவள். இசக்கி அன்றைக்குக் கடைசி பெஞ்சில் இருந்து கைதட்டினாள். இசக்கிதான் அறைத்தோழி, பேங்க் பரீட்சைக்கும் சேர்த்துப் படிக்கிறவள், எந்த ஆப் இலவசமாகக் கிடைத்தாலும் போனில் ஏற்றி வைத்துக்கொள்கிறவள். அம்மா இங்கிலீஷ் படிக்கிற அதே ஆப் அவளிடமும் இருக்கிறது என்பது ஜெசிந்தாவுக்குத் தெரியும், அதில் ஒன்றுமில்லை. அன்றைக்கு சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது இசக்கி போனை மெத்தையில் போட்டு 'நிஜக் குரல்கள்' என்கிற கேட்டுப் பழகும் பயிற்சியை ஓடவிட்டிருந்தாள். ஏதோ ஒரு பொம்பளை தட்டுத் தடுமாறி இங்கிலீஷ் பேசுகிற சத்தம், நடுவில் ஃபேன் சத்தம். ஜெசிந்தா கவனிக்கவே இல்லை. முடிகிற இடத்தில் அந்தப் பொம்பளை, "தேங்க்யூ, போயிட்டு வாரேன்" என்றாள்.

போயிட்டு வாரேன்! ஒரு ஆப்பிடம் போயிட்டு வாரேன் சொல்லிவிட்டுப் போகிற ஜீவன் இந்த உலகத்தில் ஒன்றுதான். "ஏ இசக்கி, எங்க அம்மாட்டி!" என்று சட்டையைத் தூக்கிப்போட்டு ஓடி வந்தாள். என்ன பெருமை அப்போது! அம்மாவின் குரலை எடுத்துப் பாடமாகப் போட்டிருக்கிறான் பாரு என்று குதித்தாள், வெட்கமில்லாமல் குதித்தாள். இசக்கி நம்பவில்லை. சும்மா அளக்காத, அப்ப இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லு பாப்பம் என்றாள். பேசுபவருக்குப் பிறந்த பிள்ளைகள் எத்தனை. இதுக்கு எதுக்குட்டி திரும்பக் கேக்கணும், நான்தான குத்துக்கல்லு மாதிரி நிக்கேன், ஒண்ணு! இவளே எட்டி 'ஒன்று' என்பதை அமுக்கினாள். சிவப்பாகப் பெருக்கல் குறி வந்தது. தவறான விடை. மீண்டும் கேட்டுப் பாருங்கள். இசக்கி சிரித்தாள். "அப்ப உங்க அம்மா இல்லட்டி இது, வேற யாரோ." ஜெசிந்தாவும் சிரித்துக்கொண்டே மறுபடி ஓடவிட்டாள், எங்கேயோ தப்பாகப் போட்டு வைத்திருக்கிறான்கள், எழுதிப் போட்டுத் திருத்த வைக்கிறேன் பார் என்றுகூடச் சொன்னாள். அப்புறம் கேட்டாள்.

"என்னட்டி, ஊமையா தடவிக்கிட்டிருக்க? காலேஜ்ல வாயப் பிடுங்கி வச்சுக்கிட்டானுவளா?"

"பின்னால நெறைய நரைச்சிருக்கும்மா. அதப் பாத்துக்கிட்டிருக்கேன்."

"நரைக்காம? உன்னப் பெத்தவளுக்கு இம்புட்டாவது கறுப்பா இருக்கே, அதச் சொல்லு."

பெத்தவளுக்கு. மறக்க முடியாத ஒரு நாளைப் பற்றிப் பேசுங்கள் என்று ஆப் கேட்டிருக்கிறது. அம்மா பேசியிருக்கிறாள். அவளுடைய இங்கிலீஷைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்: மறக்க முடியாத நாள். என் முதல் பாப்பா. பொம்பளைப் பிள்ளை. அது அழவில்லை. நான் அழுதேன். நர்ஸ் என் டவலால் மூடினார்கள். காட்டுங்கள் என்று கேட்டேன், காட்டவில்லை. என் ஹஸ்பண்ட் கடலில். அப்புறம் இன்னொரு பாப்பா. அதுவும் பொம்பளைப் பிள்ளை. வந்ததும் அழுகை, பெரிய அழுகை, நிறுத்தவில்லை. இன்றைக்கும் நிறுத்தவில்லை. பேசிக்கொண்டே இருக்கிறாள். எனக்கு அது பிடிக்கும். தேங்க்யூ, போயிட்டு வாரேன். இவ்வளவுதான் பாடம். அதற்குக் கீழே மூன்று கேள்வி. பேசுபவர் என்ன உணர்ச்சியில் இருக்கிறார், மகிழ்ச்சியா, கோபமா, துக்கமா. அவருடைய கணவர் எங்கே இருந்தார், மருத்துவமனையிலா, வீட்டிலா, கடலிலா. பிள்ளைகள் எத்தனை. எவனோ ஒருவன் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இதைக் கேட்டு, மூன்று மூன்று விடை தயார் செய்திருக்கிறான். மகிழ்ச்சி என்றும் ஒரு விடை போட்டிருக்கிறான். இல்லை, ஆளே உட்காரவில்லையோ என்னவோ, எல்லாம் இயந்திரமே செய்துகொள்கிறதாம். எது மோசம்? ஒரு மனுஷன் கேட்டுவிட்டுச் செய்வதா, யாருமே கேட்காமல் நடப்பதா? இந்தக் கேள்வியையும் ஒரு வாரமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். ஆனால் அழுகை என்ற இடத்தில் மட்டும் மனசு நின்றுபோகிறது. அடங்கு, வாயை மூடு, பொம்பளப்பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது. பெரியம்மா சொல்லியிருக்கிறாள், டீச்சர் சொல்லியிருக்கிறார், அப்பாகூடக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. தலைவலியோடு படுத்துக் கிடக்கும்போது இவள் பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துச் சண்டையை முழுக்க ஒப்பித்தாலும், ம், அப்புறம் என்பாள். தன் பேச்சு அவ்வளவு சுவாரசியம் என்றல்லவா இவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பிரஷ் கிண்ணத்தின் அடியைச் சுரண்டியது. இன்னும் கொஞ்சம் குழைக்க வேண்டும். வராந்தாக் கம்பிக்கு அப்பால் எதிர்வீட்டு மொட்டைமாடியில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது, காக்காய்க்குப் பயந்து மேலே வலை கட்டியிருந்தார்கள். உப்புக் காற்று. கழுத்தில் டை வழிந்தால் துடைக்க ஈரத் துணி எங்கே? அம்மாவின் மடியில் இருக்கிற போனில் அந்த ஆப் திறந்திருக்கிறது, ஒரு வெளிநாட்டுக்காரி 'சிப்', 'ஷிப்' என்கிறாள், அம்மா திருப்பிச் சொல்கிறாள். எப்படி அம்மா இதைப் போய் அதனிடம் சொன்னாள்? தன்னிடம் சொல்லாததை? இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் தனக்கு வருவது கோபமா பொறாமையா என்று ஜெசிந்தாவுக்குத் தெரியவில்லை. ஒரு ஆப்பின்மேல் பொறாமை! கேவலம். ஆனால் யோசித்துப் பார்த்தால் அம்மா வேறு மாதிரி செய்யக்கூடியவளே இல்லை. ஸ்கேன் சென்டரில் முன்மேஜையில் உட்கார்ந்து அவள் நாள் முழுக்கக் கேட்பதே அந்த மாதிரிக் கேள்விதான். எத்தனாவது பிள்ளைம்மா? முன்னால ஏதும் கலைஞ்சிருக்கா? தண்ணி நல்லாக் குடிச்சிருக்கீங்களா? வருகிற பெண்கள் கூட வந்த மாமியாரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, உண்மையைச் சொல்கிறார்கள். அம்மா அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாள், அதோடு சரி. மார்க்கெட்டில் அதே பெண்ணைப் பார்த்தால் அம்மா முதலில் சிரிக்க மாட்டாள். அது அந்த சென்டரில் வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள்ளே வைத்துக்கொண்ட மரியாதை. அவளாகச் சிரித்தால் சிரிக்கலாம், இல்லாவிட்டால் தெரியாத ஆள். கூட நிற்கிறவர்களுக்கு அவள் ஸ்கேனுக்கு வந்ததே தெரியாமல் இருக்கலாம் இல்லையா. சின்னவயதில் ஜெசிந்தா, ஏம்மா அந்த அக்காவைத் தெரியும்தானே என்று கத்தி, கையில் நறுக்கென்று கிள்ளு வாங்கியிருக்கிறாள். ஆக, அம்மாவைப் பொறுத்தவரை ஒருவர் கேள்வி கேட்டால் அதற்கு ஒரு தேவை இருக்கிறது. சொன்ன பதில் அந்த மேஜையைத் தாண்டாது. ஆப் கேட்டது, அம்மா சொன்னாள். ஆப்புக்கும் ஒரு மேஜை இருக்கிறது என்று நினைத்துவிட்டாள். அவள் தப்பா அது?

அப்படியானால் யார் தப்பு? இந்த இடத்தில்தான் மனசு வழுக்கி, போக விரும்பாத மூலைக்குப் போகிறது. டாக்டரம்மா புதிதாக வந்தவர், தமிழ் தெரியாது. ஹார்பர் வேலைக்கு வந்திருக்கிற வடக்கத்திக்காரர்களின் பெண்சாதிகளுக்கும் தெரியாது. அம்மா இங்கிலீஷ் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆனபோது அந்த ஆப்பை அம்மாவின் போனில் ஏற்றிக்கொடுத்தவள் ஜெசிந்தா. முதல் பக்கமே நீளநீளமாக எழுத்து. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இது என்னட்டி இவ்வளவு எழுதியிருக்கு? வாசிச்சுச் சொல்லு" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது, தோளில் பை மாட்டியாயிற்று. "அதெல்லாம் யாரும் வாசிக்க மாட்டாங்கம்மா" என்று சொல்லி, கட்டத்தில் ஒரு தட்டு. ஒப்புக்கொள்கிறேன். நுகர்வோர் மன்றத்துச் செயலாளர்! கீழே இரண்டு கோடு! ஜெபமாலை சொல்லும்போது சின்னவயதில் இப்படித்தான், அப்பா ஜெபத்தின் கடைசி வரியை 'என்றென்றைக்கும்' என்று ஆரம்பிக்கும்போதே இவள் 'ஆமென்' போட்டு எழுந்துவிடுவாள், விளையாடப் போகிற அவசரம். வாக்கியம் முடியட்டும்ட்டி என்று அம்மா பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பாள். போன வாரம் ஹாஸ்டலில் அந்த நிபந்தனைகளை ஒருவரி விடாமல் வாசித்தாள். நடுவில் எங்கோ கிடந்தது. பயனர் தரும் எந்தப் பதிவையும் உலகெங்கும், திரும்பப் பெற முடியாதபடி, என்றென்றைக்கும், மாற்றியமைக்கவும் மறுபடி வெளியிடவும் உரிமை. என்றென்றைக்கும். அந்த வார்த்தையைப் பார்த்ததும் வாய் தானாக ஆமெனுக்குப் போனது.

எழுதிப் போட்டாள், சும்மா இருக்கிறவளா. நியாயம், அநியாயம், ஒப்புதல் என்றால் என்ன, வாசிக்காத ஒப்புதல் ஒப்புதலா, வாசித்தாலும் வேறு வழியில்லாத ஒப்புதல் ஒப்புதலா என்று பக்கம் பக்கமாக. பதில் உடனே வந்தது, அவ்வளவு உடனே வந்ததிலேயே தெரிந்தது அது மனுஷர் இல்லை என்று. உங்கள் அக்கறைக்கு நன்றி. பதிவை நீக்கக் கணக்குதாரர் மட்டுமே, தன் கணக்கிலிருந்து, காரணத்துடன் கோரலாம். கோரிக்கை பரிசீலிக்கப்படும். நீக்கப்பட்டால் அந்தப் பதிவு கணக்குதாரரின் கணக்கிலிருந்தும் நீங்கிவிடும். கணக்குதாரர்! ஸ்டூலில் உட்கார்ந்து 'ஷிப்', 'ஷிப்' என்று சொல்லிக்கொண்டிருக்கிற இந்தத் தலைதான் கணக்குதாரர். அவளுக்குத் தெரியாமல் அவள் போனை எடுத்து, அவள் பேரில் ஒரு கோரிக்கை அனுப்பிவிடலாம். சாப்பிட்டுக் கை கழுவும்போது அந்த யோசனையும் வந்தது, போன் மேஜைமேல்தான் கிடந்தது, கைகூடப் போனது. மறுபடியுமா? ஒருதடவை அவளுக்காகத் தட்டியது போதாதா? சரி, நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதலாம். மனுவில் பாதிப்பு என்னவென்று எழுத வேண்டுமே. மனுதாரர் தன் முதல் குழந்தை இறந்தே பிறந்ததைப் பற்றிப் பேசியதை என்று எழுதவேண்டும். டைப் அடிக்கிறவர் வாசிப்பார், எதிர்த்தரப்பு வக்கீல் வாசிப்பார், ஹாலில் கூப்பிட்டுக் கேட்பார்கள். ஒரு இடத்திலிருந்து எடுப்பதற்கு நாலு இடத்தில் போய்ச் சொல்லவேண்டும். எந்தப் பக்கம் சுற்றிப் போனாலும் வழி அம்மாவின் வழியாகத்தான். அம்மாவிடம் சொன்னால், உன் குரலைக் கேட்டேன் என்று சொன்னதாகும். கேட்டேன் என்றால், எனக்குத் தெரியும் என்று சொன்னதாகும். இத்தனை வருஷமாக அம்மா ஒரு கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள், அதை இவள் போய்த் தட்டவேண்டும். சொல்லாமலும் இருக்கலாம். சொல்லாமல் இருந்தால் ஊரெல்லாம், இந்தியா முழுக்க, பஸ்ஸில், ஹாஸ்டலில், எவளோ ஒருத்தி நகம் கடித்துக்கொண்டு மகிழ்ச்சியா கோபமா துக்கமா என்று அமுக்கிக்கொண்டேயிருப்பாள். பிரஷ்ஷிலிருந்து ஒரு சொட்டு அம்மாவின் கழுத்தில் விழுந்தது.

"இழுவிட்டியா? துடை, துடை, காஞ்சுட்டா போகாது."

துடைத்தாள். போகவில்லை, பரவியது. தலை முழுக்கப் பூசியாகிவிட்டது, இனிக் காய்கிறவரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான், பிரஷ்ஷுக்கு வேலையில்லை, கைக்கு ஒளிய இடமில்லை. உறையைக் கழற்றினாள். அம்மா போனை ஸ்டூல் காலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எதிர்மாடியின் நெத்திலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் தெரியவில்லை. தெரியாததே நல்லது.

"ம்மா. அந்த ஆப்ல ஒரு பயிற்சி வருதுல்லா. நிஜக் குரல்கள்னு. அதுல ஒரு கேள்வி..."

மேலே வரவில்லை. பஸ்ஸில் அத்தனை தடவை சரியாக வந்த வாக்கியம். எதிர்மாடியில் ஒரு காக்காய் வலைமேல் உட்கார்ந்து, கீழே பார்த்து, பறந்துபோனது.

அம்மா திரும்பவில்லை. "நீயும் ஒண்ணுன்னுதான் அமுக்குனியா?" என்றாள்.

ஜெசிந்தா துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். கல் சூடாக இருந்தது, ஈரம் ஒரு ஓரத்தில் இருந்தது, அது பாவாடையில் ஏறுகிறது என்று தெரிந்தது. நீயும் என்றால்?

"நானும் ஒண்ணுன்னுதான் அமுக்குனேன்" என்றாள் அம்மா. "பாடம் வந்துச்சு, கேட்டா என் சத்தமா இருக்கு. கேள்விக்குப் பதில் போடாட்டி அடுத்ததுக்கு விடாதுல்லா அது. எப்பவும் சொல்லுத மாதிரி ஒண்ணுன்னு போட்டேன். தப்புன்னுட்டு. செவப்பா." தோளில் நழுவிய துண்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அப்புறம் ரெண்டுன்னு அமுக்குனேன். பச்சையா வந்துச்சு. ரேஷன் கார்டுல ஒண்ணு. கோயில் புத்தகத்துல ஒண்ணு. உங்க அப்பா யார்ட்டயும் ஒண்ணுன்னுதான் சொல்லுவாரு, பாவம், வேற என்ன சொல்ல? இத்தன வருசத்துல ரெண்டுன்னு சொன்னது அது ஒண்ணுதான். எனக்கு கோவம் வரணும்னு தெரியுதுட்டி. வரல. திரும்ப ரெண்டு மூணு தரம் போய் அதே கேள்விக்கு ரெண்டு ரெண்டுன்னு போட்டேன்னா பாத்துக்கோ."

ஒரு வாரமாகத் தயார் செய்து வைத்திருந்த வாதங்களெல்லாம் எங்கே போயின? உலகெங்கும், என்றென்றைக்கும், வாசிக்காத ஒப்புதல், எல்லாம் வரிசையாக நின்றுகொண்டிருந்தன, கூப்பிட்டால் வரும். ஆனால் எதைக் கூப்பிடுவது? அம்மாவுக்கு அநியாயம் நடந்திருக்கிறது, அம்மா அந்த அநியாயத்துக்குள்ளே போய் எதையோ பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அதற்காக அநியாயம் இல்லையென்று ஆகுமா? ஆகாது. ஆகவே ஆகாது. ஆனால் முதல் தடவையாக, ஜெயிப்பது என்றால் இந்த வழக்கில் என்னவென்று ஜெசிந்தாவுக்குத் தெரியவில்லை.

"அப்ப அது அப்படியே இருக்கட்டுங்கியா?"

"யாரு சொன்னா? அன்னைக்கு பஸ்ல ஒரு பிள்ளை, காலேஜ் பிள்ளைதான், போன்ல சத்தமா அதப் போட்டுக்கிட்டு வருது. என் சத்தம். பக்கத்துல இருக்கவ சிரிக்கா, இவ என்னத்தப் பேசுதான்னு. நான் ஆஸ்பத்திரி ஸ்டாப் வரைக்கும் போகணும். முன்னாடியே இறங்கிட்டேன். சேலையத் தலையில போட்டுக்கிட்டு நடந்தே போனேன்."

அம்மா தலையில் துணி போட்டுக்கொண்டு நடந்தாள். மார்க்கெட்டில் அம்மாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மீன்காரியிடம் குனிகிற, ஸ்கேனுக்கு வந்துபோன பெண்களைப்போல. ஜெசிந்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது, தெரிந்த பழைய கோபம். "எடுக்க வைக்கேன்மா. நீ உன் போன்ல இருந்து ஒரு வரி அனுப்புனாப் போதும். மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன். எடுக்கலன்னா அவனுவள..."

"எடுத்தா எனக்கும் கேக்க முடியாதோ?"

நீக்கப்பட்டால் கணக்குதாரரின் கணக்கிலிருந்தும். வாசித்த வரி. அப்போது ஒரு பொருட்டாகவே படாத வரி. "முடியாதும்மா. எல்லா இடத்துலயும் போயிரும்."

"அப்ப அழிக்கச் சொல்லாத. குடுக்கச் சொல்லு. எங்கிட்ட குடுத்துட்டு அப்புறம் அழிக்கட்டும்."

"அப்படிக் குடுக்கணும்னு அதுல எங்கயும் போடலம்மா."

"போடாட்டி கேக்கக் கூடாதோ? நீ எதப் போட்டிருந்து கேட்டிருக்க இது வரைக்கும்? தியேட்டர்ல தண்ணிக்கு நின்னியே, எதுல போட்டிருந்துச்சு?"

போட்டிருந்தது, சட்டத்தில் இருக்கிறது, பிரிவைச் சொல்லட்டுமா என்று வாய்வரை வந்ததை ஜெசிந்தா விழுங்கினாள். இன்னொன்று கேட்கவேண்டும், கேட்காமல் இருக்க முடியாது, ஆனால் அதற்கு எந்தப் பிரிவும் இல்லை. "எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

அம்மா தலையை ஆட்டப்போய், டை நினைவு வந்து நிறுத்திக்கொண்டாள். "உங்கிட்டச் சொன்னா நீ ஏதாவது சொல்லுவ. யார் மேலயாவது கேஸ் போடுவ. அந்த நர்ஸக் கண்டுபிடிக்கப் போவ." சிரித்த மாதிரி இருந்தது. "அது ஒண்ணும் சொல்லாம இருந்துச்சு. அதான் சொன்னேன். கேட்டுக்கிட்டு அங்கயே வச்சிருக்கும்னு நெனச்சேன்."

காற்றில் துண்டின் நுனி அசைந்தது. டை ஓரங்களில் காய்ந்து விரிசல் விட ஆரம்பித்திருந்தது. ஜெசிந்தா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலிருப்பது எவ்வளவு வேலை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பற்களைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நாக்கு தானாக எழுந்து எழுந்து வந்தது. எதிர்மாடிக்காரி வந்து நெத்திலியைப் புரட்டிப் போட்டுவிட்டு, "என்ன பிரகாசியக்கா, கல்யாணப் பொண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். "ஆமா, மாப்பிள்ள பாரு" என்றாள் அம்மா. இவள் பேசவில்லை என்பதை அம்மா கவனித்துக்கொண்டிருக்கிறாள் என்று அந்தக் கழுத்தைப் பார்த்தே தெரிந்தது.

"அன்னைக்கு வாசிச்சுச் சொல்லுன்னேன்" என்றாள் அம்மா கடைசியில். "இப்ப வாசி. தலை காயுத வரைக்கும் நான் எங்கயும் ஓடிப்போக மாட்டேன்."

"முழுசாவா? ரொம்ப நீளம்மா."

"அதான சொன்ன, யாரும் வாசிக்க மாட்டாங்கன்னு. நாம வாசிப்போம்."

ஜெசிந்தா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அம்மாவின் போனை எடுத்தாள். விரல் பட்ட இடத்தில் கண்ணாடியில் கறுப்பாக ஒரு தடம் விழுந்தது. அந்த வெளிநாட்டுக்காரியை மூடிவிட்டு, அமைப்புகளுக்குப் போய், எங்கேயோ அடியில் கிடந்த அந்தப் பக்கத்தைத் திறந்து, முதல் வரியிலிருந்து, அவசரமில்லாமல், ஒவ்வொன்றாகத் தமிழாக்கிச் சொல்ல ஆரம்பித்தாள். இந்தச் சேவையைப் பயன்படுத்துவதன் மூலம் நீங்கள்.

"நீங்கள்னா யாரு?"

"நீதாம்மா."

"ம். மேல போ."

போனாள். சில வரிக்கு அம்மா, இது சரிதான என்றாள். சில வரிக்கு, இதுக்கு என்ன அர்த்தம், திரும்பச் சொல்லு என்றாள். சில வரிக்கு, இது முடியாது, அவனுவளுக்கு எழுதும்போது முடியாதுன்னு எழுதிக்கோ என்றாள். ஒரு இடத்தில் ஜெசிந்தாவுக்கே அர்த்தம் தெரியவில்லை, தெரியவில்லை என்று சொன்னாள். தெரியாததுக்கும் முடியாதுன்னு எழுதிக்கோ என்றாள் அம்மா. டை கழுவ வேண்டிய நேரம் தாண்டிவிட்டது என்று இருவருக்கும் தெரியும், காதுமடல் முழுக்கக் கறுப்பாகிவிட்டிருந்தது, திங்கட்கிழமை டாக்டரம்மா மறுபடி கேட்கத்தான் போகிறார். அந்த வரி வந்தது. பயனர் தரும் எந்தப் பதிவையும். குரல் கொஞ்சம் இறங்கியது. உலகெங்கும். திரும்பப் பெற முடியாதபடி. என்றென்றைக்கும் என்று சொல்லி, மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினாள்.

"ஆமென் சொல்லிராதட்டி" என்றாள் அம்மா, திரும்பிப் பார்க்காமலே. "வாக்கியம் முடியட்டும்."